முன்பணம் கேட்ட மருத்துவமனை மீது வழக்குத் தொடுக்கலாமா?

கேள்வி (சுருக்கம்): என் கணவர் எலக்ட்ரீஷியன், வயது 34, மாத வருமானம் 15,000 ரூபாய். ஐந்து மாதங்களுக்கு முன் அவருடைய இருசக்கர வாகனத்தின் மீது லாரி மோதியது. ஆட்டோவில் ஏற்றி, அருகில் இருந்த தனியார் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். 50,000 ரூபாய் முன்பணம் கேட்டு 40 நிமிடம் பெஞ்சிலேயே உட்கார வைத்தார்கள். அப்போது அவர் பேசிக்கொண்டுதான் இருந்தார். பிறகு 108 வண்டியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கும் கால் மணி நேரம் ஸ்ட்ரெச்சரிலேயே கிடந்தார். மண்ணீரல் கிழிந்திருந்தது, அறுவை சிகிச்சையின்போது இறந்துவிட்டார். ஆத்திரத்தில் என் தம்பி தனியார் மருத்துவமனையின் கண்ணாடியை உடைத்துவிட்டான். அவன் மீது வழக்குப் பதிவாகியுள்ளது. இப்போது ஊர்ப் பெரியவர் ஒருவர் மூலம் சமரசம் பேசுகிறார்கள். எனக்கு ஆறு வயதில் ஒரு மகள்; மாமியாரும் என்னோடுதான் இருக்கிறார். இரண்டு மருத்துவமனைகளையும் நீதிமன்றத்தில் நிறுத்த விரும்புகிறேன்.

பதில்: சகோதரி, வரவேற்பறையில் இருந்தவர் எரிந்து விழுந்ததையும், மருத்துவர் கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்ததையும் நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வேதனை புரிகிறது; ஆனால் அவற்றில் எதுவும் வழக்கு ஆகாது. அந்த 40 நிமிடத்தில் உங்கள் கணவரின் நாடித் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் யாராவது பார்த்துக் குறித்தார்களா என்பது ஒன்றுதான் கேள்வி. மண்ணீரல் கிழிந்த இளவயதினர் தொடக்கத்தில் தெளிவாகப் பேசுவார்கள். உள்ளே ரத்தம் கசியக் கசிய முதலில் நாடி வேகமெடுக்கும், ரத்த அழுத்தம் பிறகுதான் சரியும். விபத்தில் வந்தவரைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று தரம் பிரிப்பது இதற்காகத்தான். பணம் கட்டினாலும் கட்டாவிட்டாலும் உயிர் காக்கும் முதற்சிகிச்சை தர வேண்டியது அரசு, தனியார் என்ற பேதமின்றி எல்லா மருத்துவருக்கும் கடமை என்று 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரம் இலவசச் சிகிச்சை தர, 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டப் பட்டியலில் அந்த மருத்துவமனை இருந்திருந்தால், முன்பணம் கேட்டதே தவறு. ஆனால் கடமை தவறினார்கள் என்பது வேறு, அதனால்தான் இறந்தார் என்பது வேறு. இரண்டாவதை நிரூபிக்கும் சுமை உங்களுடையது.

எனவே மூன்று தாள்களை வாங்குங்கள்: தனியார் மருத்துவமனையின் சிகிச்சைப் பதிவுகள், 108 பணியாளர் வண்டியில் எழுதிய குறிப்பு, அரசு மருத்துவமனையின் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) நகல். எழுத்து மூலம் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ ஒழுங்குமுறை விதி. 108 குறிப்பில் முதலில் எழுதப்பட்ட ரத்த அழுத்தமே ஏறக்குறைய உங்கள் வழக்கின் தலையெழுத்து.

இனி, இப்படி வழக்குத் தொடுத்தவர்கள் விழுந்து எழ முடியாமல் போன குழிகளைச் சொல்கிறேன். அவற்றில் முதலாவதுதான் மிக ஆழமானது. மருத்துவமனை மீதுள்ள கோபத்தில் லாரியை மறந்துவிடுகிறார்கள். உங்கள் கடிதம் முழுவதிலும் லாரியைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 166(3) பிரிவின்படி விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் இழப்பீட்டு மனு தாக்கல் செய்ய வேண்டும். அந்தக் கெடுவின் செல்லுபடி நீதிமன்றத்தில் கேள்விக்கு உள்ளாகியிருந்தாலும், அதை நம்பி ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள், உங்களிடம் எஞ்சியிருப்பது ஒரு மாதம்தான். ஆண்டு வருமானம் 1,80,000 ரூபாயுடன் எதிர்கால உயர்வுக்காக 40 விழுக்காட்டைச் சேர்த்து, அவருடைய சொந்தச் செலவாக மூன்றில் ஒரு பங்கைக் கழித்து, 34 வயதுக்குரிய பெருக்கெண்ணான 16ஆல் பெருக்கினால் 26,88,000 ரூபாய் வருகிறது. வருமானத்தை நிரூபித்து, லாரி ஓட்டுநரின் தவறும் உறுதியானால், விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் இந்தக் கணக்கையே பின்பற்றும். மகளையும் மாமியாரையும் மனுதாரர்களாகச் சேர்க்க மறவாதீர்கள்.

இரண்டாவது குழி முதலாவதோடு ஒட்டியது. மருத்துவமனை மீது வழக்குப் போடும் நுகர்வோர் ஆணையத்தில், ‘விபத்துக் காயத்தால் அல்ல, மருத்துவமனையின் அலட்சியத்தால்தான் என் கணவர் இறந்தார்’ என்று பிரமாணப் பத்திரம் கொடுத்தால், லாரியின் காப்பீட்டு நிறுவனம் அந்தப் பத்திரத்தின் நகலோடு விபத்துத் தீர்ப்பாயத்துக்கு வந்து நிற்கும். அந்த வாதம் ஒவ்வொரு முறையும் வெல்லும் என்பதில்லை. ஆனாலும் விசாரணையை இழுத்தடிக்கவும், தொகையைக் குறைத்துப் பேரம் பேசவும் அதுவே அவர்களுக்குப் போதும். ‘விபத்தில் ஏற்பட்ட காயத்துக்குத் தாமதமின்றிச் சிகிச்சை அளித்திருந்தால் பிழைத்திருப்பார்’ என்று எழுதினால் இரண்டு வழக்கும் ஒன்றையொன்று வெட்டாது. நுகர்வோர் வழக்குக்கு இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. லாரி வழக்கு முதலில் போகட்டும். நுகர்வோர் ஆணையத்தில், நீங்கள் பணமே கட்டவில்லையே, நுகர்வோர் எப்படி ஆவீர்கள் என்று கேட்பார்கள். கட்டணம் வாங்கும் மருத்துவமனையில் இலவசமாகச் சிகிச்சை பெறுபவரும் நுகர்வோரே என்று 1995இல் சாந்தா வழக்கில் தீர்ப்பாகியிருக்கிறது.

அரசு மருத்துவமனையைச் சேர்க்காதீர்கள். எல்லாருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் இடத்தின் மீது நுகர்வோர் வழக்கு நிற்காது. அதைவிட முக்கியமாக, வயிற்றைத் திறந்து எவ்வளவு ரத்தம் தேங்கியிருந்தது என்று கண்ணால் பார்த்த அறுவை மருத்துவர்தான் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய சிறந்த சாட்சி. அவரை எதிர்மனுதாரர் ஆக்கினால் உங்களுக்காக யார் பேசுவார்?

மருத்துவர் மீது குற்ற வழக்கு வேண்டும் என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். 2005ஆம் ஆண்டு ஜேக்கப் மேத்யூ தீர்ப்புக்குப் பிறகு, வேறு மருத்துவர்களின் கருத்தைப் பெறாமல் காவல்துறை மேலே நகராது. அந்தக் கருத்து உங்களுக்கு எதிராக வந்தால் அதையே நுகர்வோர் ஆணையத்தில் முதல் ஆவணமாகக் காட்டுவார்கள்.

உங்கள் தம்பியின் வழக்கு விளையாட்டல்ல. மருத்துவமனைகளைத் தாக்குவோர் மீதான 2008ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தில் அது பிணையில் விட முடியாத குற்றம். எதிர்த்தரப்பு பேரம் பேசப்போவது இதை வைத்துத்தான்.

சமரசத்தைப் பற்றி வெளிப்படையாகச் சொல்கிறேன். 108 குறிப்பில் ரத்த அழுத்தம் ஓரளவு நன்றாக இருந்து, அரசு மருத்துவமனைக்குப் போன பிறகே சரிந்திருந்தாலும், மோதிய சில நிமிடங்களிலேயே நாடி கிடைக்காத நிலை இருந்திருந்தாலும், தனியார் மருத்துவமனை மீதான உங்கள் வழக்கு மெலிந்தது. கௌரவமான தொகை என்றால் வாங்கிக்கொண்டு, தம்பியின் வழக்கை உயர் நீதிமன்றத்தில் ரத்து செய்ய அவர்கள் ஒத்துழைப்பதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். மாறாக, அந்த 40 நிமிடத்துக்கு ஒரு பதிவுகூட இல்லாமல், வண்டியில் ஏற்றும்போதே அழுத்தம் வீழ்ந்திருந்தால், பெரியவரின் தொகைக்கு இணங்காதீர்கள். எப்படியானாலும், மரணத்தின் காரணத்தைப் பற்றி ஒரு வரிகூட அந்த ஒப்பந்தத்தில் இருக்கக் கூடாது. லாரி வழக்கின் மனு எண் உங்கள் கைக்கு வரும்வரை எந்தத் தாளிலும் கையெழுத்திடாதீர்கள்.