சாலரியில் உப்பு, சம்பளத்தில் நெல்

அன்புள்ள ஐயா,

சாலரி என்னும் ஆங்கிலச் சொல், ரோமப் படைவீரர்களுக்கு உப்பைக் கூலியாகக் கொடுத்ததால் வந்தது என்று எங்கள் அலுவலகப் பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். சம்பா நெல்லும் அளத்து (உப்பளத்து) உப்பும் கூலியானதால்தான் நம் சம்பளமும் வந்தது என்று படித்திருக்கிறேன். இவை சரிதானா?

எம்.

அன்புள்ள எம்.,

லத்தீனில் சால் என்றால் உப்பு. அதிலிருந்து பிறந்த சலாரியம், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குச் சென்றது. அதுவரை சரி. உப்பை அளந்து கூலி கொடுத்ததற்குத்தான் சான்றில்லை. எல்லோரும் காட்டுவது, கி.பி. 79இல் வெசுவியஸ் வெடித்தபோது இறந்த ரோம எழுத்தாளர் மூத்த பிளினியை. தம் இயற்கை வரலாற்றின் 31ஆம் நூலில் உப்பின் பெருமையை அடுக்கிக்கொண்டே போகும் அவர், நகைச்சுவைக்கும் உப்பின் பெயரே வழங்குகிறது, பதவிகளிலும் படைத்துறையிலும்கூட உப்பு நுழைந்திருக்கிறது, சலாரியம் என்ற பெயர் அதனால் வந்ததே என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு, உப்பு கொண்டுசென்ற சலாரியா சாலைக்குத் தாவிவிடுகிறார். உப்பு வாங்கக் கொடுத்த காசு என்பது, அவர் சொல்லாமல் விட்டதை அகராதிக்காரர்கள் ஊகித்து நிரப்பியது. உப்பையே கொடுத்தார்கள் என்பது அதற்கும் பிறகு முளைத்த வால்.

படைவீரனின் ஊதியத்துக்கு ரோமர் வைத்த பெயர் ஸ்டிபெண்டியம். அகஸ்டஸ் காலத்தில் ஆண்டுக்கு 225 தெனாரியஸ் வெள்ளிக்காசு, மூன்று தவணையாக. உணவுக்கும் உடைக்கும் அதில் பிடித்தம் உண்டு (பிடித்தம் அன்றே இருந்தது என்பதை உங்கள் பயிற்சி வகுப்பில் சொல்லலாம்).

சம்பளத்துக்கான விளக்கம் இன்னும் அழகாக இருக்கிறது. என் ஐயமும் அதனால் கூடுகிறது. நெல் கூலியாக இருந்தது மெய்தான். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்கு (கோயில் ஆடல் மகளிருக்கு) தலைக்கு ஒரு பங்காக, ஆண்டுக்கு 100 கலம் நெல் வகுத்திருக்கிறது. ஆனால் அங்கே அதற்குப் பெயர் பங்கு, நிவந்தம் (கோயில் பணிக்கான ஒதுக்கீடு). வடமொழியில் சம்பலம் என்றால் வழிப்பயணத்துக்கான கட்டுச்சோறு. கன்னடத்திலும் மலையாளத்திலும் இச்சொல் ஊதியத்தையே குறிக்கிறது. சம்பாவையும் அளத்தையும் ஒட்டவைப்பதைவிட, கட்டுச்சோறு கூலியாயிற்று என்று கொள்வதே எனக்கு இயல்பாகப் படுகிறது.

தானியக் கூலியின் தடம் வேண்டுமென்றால் சம்பளத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை. சம்பளச் சீட்டில் அதற்குக் கீழே பயணப்படியும் பஞ்சப்படியும் இருக்கின்றன. வேலையாளுக்கு அன்றாடம் நெல் அளந்த அதே படிதான் அது.