ஆர்க்கிட் செடியின் வேரழுகல்: இலையைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றலாமா?

கேள்வி: சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறேன். ஐந்து மாதங்களுக்கு முன் பூவோடு வாங்கிய ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட்டின் அடியிலைகள் சுருங்கித் தொய்ந்துவிட்டன. தண்ணீர் போதவில்லை என்று நினைத்துத் தினமும் ஊற்றினேன். வாட்டம் கூடியதே தவிரக் குறையவில்லை. தொட்டியில் லேசான துர்நாற்றம் வீசுகிறது. கார்பெண்டாசிம் என்னும் பூஞ்சாணக்கொல்லியைக் கரைத்து ஊற்றியும் பயனில்லை. செடியைக் காப்பாற்ற வழி உண்டா?

பதில்: தாங்கள் கூறும் துர்நாற்றமும் இலைத் தொய்வும் சேர்ந்து வருமானால் அது பெரும்பாலும் வேரழுகல்தான். வாடிய செடிக்குத் தண்ணீர் ஊற்றியதில் தங்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் நீரின்றிக் காய்ந்த செடியும், வேர் அழுகி நீரை உறிஞ்ச முடியாமல் போன செடியும் இலையளவில் ஒன்றுபோலவே தோன்றும். ஆகவே ஆர்க்கிட்டில் இலையைப் பார்த்து முடிவெடுக்காமல், வேரைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

ஃபெலனாப்சிஸ் மண்ணில் வளரும் செடியன்று. தென்கிழக்காசிய மழைக்காடுகளில் மரக்கிளைகளைப் பற்றிக்கொண்டு, மழையில் நனைந்து, அடுத்த சில மணி நேரத்தில் காற்றில் உலரும் வேர்களைக் கொண்ட தொற்றுத் தாவரம் அது. அவ்வேர்களின் மேல் வெலாமன் என்னும் பஞ்சு போன்ற உறை உள்ளது. உலர்ந்திருக்கும்போது வெள்ளி கலந்த சாம்பல் நிறமாகவும், நனைந்தால் பச்சையாகவும் தெரியும். கடையில் விற்கும்போதோ, பிளாஸ்டிக் தொட்டியில் நீரைத் தேக்கிவைக்கும் ஸ்பாக்னம் பாசியை இறுக அடைத்து, அதை அடியில் துளையில்லாத பீங்கான் தொட்டிக்குள் இறக்கித் தருகிறார்கள். மேற்பாசியைத் தொட்டால் காய்ந்திருக்கும். நடுப்பாசியைப் பிழிந்தால் நீர் சொட்டும். காற்றில்லாமல் வேர் மூச்சுத்திணறி இறந்த பிறகே, பல வேளைகளில், கிருமி உள்ளே நுழைகிறது.

செடியை வெளியே எடுத்து, பாசி முழுவதையும் நீக்கி, வேர்களைக் கழுவுங்கள். ஒவ்வொரு வேரையும் இரு விரல்களுக்கிடையில் மெல்ல அழுத்திப் பாருங்கள். அழுகிய வேர் கொழகொழவென்று நசுங்கும். இழுத்தால் மேலுறை சட்டைக்கை போலக் கழன்று வந்து, உள்ளே நூல் போன்ற இழை மட்டும் மிஞ்சும். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம்: வெளிச்சம் படாத வேர் மஞ்சளாகவோ வெளிர்பழுப்பாகவோ இருந்தாலும், கெட்டியாக இருந்தால் அது உயிருள்ள வேரே. அழுகியவற்றை நல்ல பகுதி தெரியும்வரை, தீயில் காட்டி ஆறவைத்த கத்தரியால் வெட்டுங்கள். பூத்தண்டு இருந்தால் அதையும் வெட்டிவிடுங்கள். வேரில்லாத செடிக்குப் பூ ஒரு சுமை.

கார்பெண்டாசிம் பலன் தராததில் வியப்பில்லை. வேரழுகலுக்குப் பெரிதும் காரணமாகும் பித்தியம், பைட்டோப்தோரா கிருமிகளின் மேல் அம்மருந்து வேலை செய்வதில்லை. மெட்டலாக்சில், மான்கோசெப் கலந்த பூஞ்சாணக்கொல்லியை லிட்டருக்கு 2 கிராம் வீதம் கரைத்து, வெட்டிய வேர்களைப் பத்து நிமிடம் நனைத்தெடுங்கள்; கையுறை அணிந்து, வீட்டுக்குள் செய்யாமல் பால்கனியில் செய்யுங்கள். பலரும் சொல்லும் இலவங்கப்பட்டைத் தூளை வெட்டுவாயில் மட்டும் தொட்டு வைக்கலாம். வேர் முழுவதும் தூவினால் நல்ல வேரையும் அது உலர்த்திவிடும்.

ஒரு நாள் நிழலில் ஆறவிட்டபின், எஞ்சிய வேர்கள் கொள்ளும் அளவுக்குச் சிறியதும், அடியிலும் பக்கவாட்டிலும் துளைகள் உள்ளதுமான தொட்டியில் நடுங்கள். பாசி வேண்டாம். அடுப்புக்கரித் துண்டுகளும் தேங்காய் மட்டைத் துண்டுகளும் நம் ஊருக்குப் போதுமானவை; மட்டைத் துண்டுகளை இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, பழுப்பு நீரைத் தினமும் மாற்றிக் கழுவாமல் பயன்படுத்தக் கூடாது. நட்டு நான்கு நாள் கழித்துத் தண்ணீர் ஊற்றுங்கள்.

வேரே மிஞ்சவில்லையென்றால், ஈரம் கசியாதபடி பிழிந்த பாசியின் மேல் அடித்தண்டு படாமல் செடியை வைத்து, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பைக்குள் நிழலில் வைத்துப் பார்க்கலாம். வாரக்கணக்கில் பொறுமை வேண்டும், பிழைப்பது உறுதியில்லை. தண்டின் குருத்துப் பகுதியே கறுத்து மெத்தென்றிருந்தால் முயற்சியைக் கைவிடுவதே நல்லது.

இனி நாள் கணக்கு வேண்டாம். வேர்கள் சாம்பல் நிறத்துக்குத் திரும்பி, தொட்டியும் கையில் தூக்க இலேசாகத் தோன்றும் நாளில், காலை வேளையில் நீர் வடிந்தோடும்படி ஊற்றுங்கள். இலைக் குருத்தில் தேங்கிய நீரைத் துணியால் ஒற்றியெடுங்கள். கரித்துண்டுகளின் மேல் வெள்ளைப் படிவு தெரிந்தால் ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு சேர்கிறது என்று பொருள். அதுவும் வேர் நுனியைக் கருக்கும் என்பதால் மழைநீரைச் சேமித்து ஊற்றுவது நல்லது. பச்சை நுனியோடு புதுவேர் ஒரு விரல் நீளம் வளரும்வரை உரமிட வேண்டாம். அதன்பின் தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 19:19:19 உரத்தை லிட்டருக்கு அரை கிராம் கரைத்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை கொடுங்கள். சுருங்கிய பழைய இலைகள் பழையபடி நிமிராமலே போகலாம். புதிய இலை விறைப்பாக வருகிறதா என்பதையே கவனியுங்கள்.