கண்டென்சரில் போகும் வெப்பம்

கேள்வி: அனல் மின் நிலையத்தில் எரிபொருள் தரும் வெப்பத்தில் ஏறக்குறைய பாதி, டர்பைனை விட்டு வரும் நீராவியைக் குளிர்வித்துத் தண்ணீராக்கும் கண்டென்சரின் குளிர்நீரோடு போய்விடுகிறது. நீராவியைத் தண்ணீராக்காமல் அப்படியே அழுத்திக் கொதிகலனுக்குத் திருப்பினால் மிச்சமாகுமே?

பதில்: ஆகாது. 40 டிகிரி செல்சியஸில் உலர்ந்த நீராவி 1 கிலோ எடுத்தால், அது சுமார் 19.5 கன மீட்டர் இடத்தை அடைக்கும். தண்ணீரானால் வெறும் 1 லிட்டர். அந்த 1 லிட்டரை 170 பார் (வளிமண்டல அழுத்தத்தைப்போல் சுமார் 170 மடங்கு) அழுத்தத்துக்கு ஏற்ற, பம்புக்கு 20 கிலோஜூல் அளவில் போதும். டர்பைன் தருவதோ 1,000 கிலோஜூலுக்கு மேல். நீராவியாகவே அழுத்தினால் டர்பைன் கொடுத்த வேலை முழுவதையும் கம்ப்ரசர் வாங்கிக்கொள்ளும், உராய்வுக்காக இன்னும் கொஞ்சம் கேட்கும்.

வெப்பத்திலிருந்து அதிகபட்சம் எவ்வளவு வேலை எடுக்கலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு; அதை 1824-ல் பிரெஞ்சுப் பொறியாளர் சாடி கார்னோ கண்டார். குளிர்ந்த பக்கத்தின் வெப்பநிலையைச் சூடான பக்கத்தின் வெப்பநிலையால் வகுத்து, 1-லிருந்து கழியுங்கள். இரண்டும் கெல்வினில் (செல்சியஸோடு 273 கூட்டினால் வருவது) இருக்க வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். 540 டிகிரி நீராவிக்கும் 40 டிகிரி கண்டென்சருக்கும் செல்சியஸிலேயே கணக்கிட்டால் 93 சதவீதம் என்று தப்பாக வரும். 813, 313 என்று கெல்வினில் போட்டால் 61.5 சதவீதம். நிலக்கரி நிலையங்கள் பெரும்பாலும் 35 முதல் 40 சதவீதம்தான் எட்டுகின்றன. வெப்பத்தின் பெரும்பகுதி 540 டிகிரிக்கு வெகு கீழேயே தண்ணீருக்குள் ஏறுவதும், புகைபோக்கி இழப்பும், டர்பைன் உராய்வும் காரணம்.

கண்டென்சர் குழாய்களில் உப்புப் படிந்தாலோ, உள்ளே காற்றுக் கசிந்தாலோ 40 டிகிரி 50 ஆகலாம். அப்போது மேல் எல்லையே 60.3 சதவீதத்துக்கு இறங்கிவிடும். குழாய்களைத் துலக்குவதைத் தள்ளிப்போடக் கூடாது என்பது இதனால்தான். வெளியேறும் வெப்பம் அளவில் பெரிது, தரத்தில் அற்பம்: சுற்றுப்புறம் 30 டிகிரி என்றால், 40 டிகிரி வெப்பத்திலிருந்து மிஞ்சிப்போனால் 3 சதவீதம் வேலை எடுக்கலாம்.

கேள்வி: மின் ஹீட்டரின் பயனுறுதிறன் 100 சதவீதம் என்கிறார்கள். அப்படியானால் 1 யூனிட் மின்சாரத்தில் 3 யூனிட் வெப்பம் தரும் ஹீட் பம்ப் ஆற்றல் அழியாமை விதியை மீறுகிறதா?

பதில்: மீறவில்லை. மீதி 2 யூனிட்டை அது வெளிக்காற்றிலிருந்து இறைக்கிறது. வெளியே 0, அறைக்குள் 20 டிகிரி என்றால், வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி அனுமதிக்கும் உச்சம் 14.65 யூனிட். அந்த அளவுகோலில் ஹீட் பம்ப் 20 சதவீதம், "100 சதவீத" ஹீட்டர் 7 சதவீதம்தான்.