செட்டிநாட்டு வீட்டுப் படங்கள்: யாரிடம் அனுமதி கேட்பது?

கானாடுகாத்தான் வீடு ஒன்றின் முகப்பு, வளவு (வீட்டின் உள்முற்றம்), உள்ளே மாட்டியிருக்கும் ஓவியங்கள் இவற்றைப் புத்தகத்தில் போட யாரிடம் அனுமதி வாங்குவது என்று கேட்டிருந்தீர்கள். தெருவில் நின்று எடுத்த முகப்புக்குக் கவலை வேண்டாம். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கட்டடங்களைப் படமெடுத்து வெளியிட இடம் கொடுக்கிறது. வளவு அப்படியல்ல, அதற்கு வீட்டாரின் சம்மதம் வேண்டும். அந்த வீடுகள் பெரும்பாலும் பல பங்காளிகளுக்குப் பொது. சாவி வைத்திருப்பவர் தலையாட்டியதை மட்டும் நம்பி இறங்காதீர்கள்.

ஓவியத்தில்தான் பலரும் இடறுகிறார்கள். விலைக்கு வாங்கியவருக்குப் படம் சொந்தம், பதிப்புரிமை வரைந்தவரிடமே இருக்கும். எழுதிக் கொடுத்திருந்தால்தான் மாறும். ஆனால் தாத்தா, அப்பத்தா உருவப்படத்தைக் காசு கொடுத்து வரையச் சொல்லியிருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை உரிமை வரையச் சொன்னவருக்கு. ஓவியர் இறந்து 60 ஆண்டு கடந்தால் யாரையும் கேட்க வேண்டாம். ரவிவர்மா 1906இல் காலமானார், அவர் ஓவியங்களைத் தாராளமாகப் போடலாம்.

அப்புறம், அனுமதியை எழுத்தில், கையெழுத்துடன் வாங்குங்கள். ஓவியர் தரும் உரிமத்தில் காலமும் நாடும் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இந்தியாவுக்குள் மட்டும் என்றே சட்டம் கொள்ளும். மின்னூலும் வருமென்றால் அதையும் இப்போதே சேர்த்துவிடுங்கள்.