கணக்குப் புத்தகம் யார் கையில்?

அன்புள்ள ஐயா,

நுவரெலியா மாவட்டத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் வணிகக் கல்வி கற்பிக்கிறேன். இங்கிலாந்துப் பாடசாலை ஒன்று எங்கள் பத்தாம், பதினோராம் தரப் பிள்ளைகளோடு சேர்ந்து சூழலுக்கு உகந்த ஒரு மாணவர் கம்பனி நடத்தக் கேட்கிறது. பழைய பசளைச் சாக்கில் எங்கள் பிள்ளைகள் பை தைப்பார்கள். வடிவமைப்பு, விலை, விற்பனை எல்லாம் இங்கிலாந்துப் பிள்ளைகளின் பொறுப்பு. "படிக்கிற பிள்ளைக்கு வியாபாரம் எதற்கு?" என்கிறார்கள் சில பெற்றோர். செய்யலாமா?

ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் இந்தப் பங்கீட்டோடு வேண்டாம்.

கொழுந்தின் நிறை நம்மவர்களுக்குத் தெரியும். தேயிலையின் விலை எப்படி அமைகிறது என்பது தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு வந்து சேர்ந்ததில்லை. அது 1883இல் தொடங்கிய கொழும்பு ஏலத்திலும் அதற்கு அப்பால் லண்டனிலும் தீர்மானமானது. இப்போது நம் பிள்ளை தைக்க, அங்குள்ள பிள்ளை விலை வைத்தால், முயற்சியாண்மை என்ற பெயரில் பழைய பாடத்தையே மறுபடி படிப்பிக்கிறோம்.

அமெரிக்காவில் 1919இல் தொடங்கிய ஜூனியர் அச்சீவ்மென்ட் அமைப்பின் மாணவர் கம்பனி முறையைப் பாருங்கள். பிள்ளைகள் சிறு பங்குகளை விற்று முதல் சேர்க்கிறார்கள், பொறுப்பாளர்களைத் தாங்களே தெரிவு செய்கிறார்கள், செய்து விற்கிறார்கள், ஆண்டு முடிவில் கணக்கை முடித்துக் கம்பனியைக் கலைக்கிறார்கள். அந்தக் கடைசிக் கட்டம் எனக்கு மிகவும் பிடிக்கும். கடனை அடைத்து, மிச்சத்தை எண்ணி, பங்கு வாங்கிய மாமாவுக்கும் டீச்சருக்கும் நேரே பதில் சொல்ல வேண்டும்.

கம்பனியைச் சட்டப்படி பதிய வேண்டாம். இங்கிலாந்தில் 16 வயதில் பணிப்பாளர் ஆகலாம். நமது 2007ஆம் ஆண்டுக் கம்பனிகள் சட்டப்படி 18 ஆக வேண்டும். அங்கே பதிந்தால் அவர்கள் பணிப்பாளர்கள், நம் பிள்ளைகள் வேலையாட்கள். பாடசாலைச் செயற்றிட்டமாகவே வைத்து, பணத்தை அபிவிருத்திச் சங்கக் கணக்கில் போட முடியுமா என்று அதிபரிடம் கேளுங்கள்.

அப்புறம், பையை விட நல்ல பொருள் உங்கள் பக்கத்திலேயே கிடக்கிறது. லீக்ஸ் தாளும் கோவா இலையும் குவிந்து அழுகி ஓடையில் சேர்வதைப் பிள்ளைகள் தினமும் பார்க்கிறார்கள். அதைச் சேதனப் பசளை ஆக்கட்டும். லீக்ஸ் தாளை மட்டும் குவித்தால் நாறும். அதில் ஈரமும் நைதரசனும் அதிகம், காற்றும் உள்ளே போகாது. காய்ந்த சருகும் நறுக்கிய மிலாறுச் சுள்ளியும் கலந்து, காபன் முப்பதுக்கு நைதரசன் ஒன்று என்ற அளவுக்குக் கிட்டக் கொண்டுவந்தால் குவியல் சூடேறும். 55 பாகை செல்சியஸுக்கு மேல் சில நாள் நின்றால் நோய்க்கிருமியும் களை விதையும் பெரும்பாலும் சாகும். நுவரெலியாக் குளிரில் சின்னக் குவியல் சூடு பிடிக்காது, பெரிதாகவே கட்டுங்கள்.

பிறகு விலை. கழிவு சும்மா கிடைக்கிறது, விற்பதெல்லாம் லாபம் என்றுதான் பிள்ளைகள் தொடங்குவார்கள். சாக்குக் காசு, சந்தையிலிருந்து ஏற்றிவந்த ஓட்டோக் கூலி, வாரம்தோறும் கிளறியவர்களின் நேரம் என்று ஒவ்வொன்றாக எழுதும்போது கிரயம் என்றால் என்னவென்று புரியும். வாங்க வரும் விவசாயி லேசில் நம்பமாட்டார். 2021இல் இரசாயனப் பசளையை ஒரேயடியாகத் தடை செய்து, சில மாதங்களில் அதைக் கைவிட்டபோது அடிபட்டவர் அவர். இது மண்ணைத் திருத்தும், இரசாயனப் பசளையின் இடத்தை முழுதாக நிரப்பாது என்ற உண்மையை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல பதினைந்து வயதில் பழகினால், எந்த விளம்பரப் பயிற்சியும் அதற்கு ஈடாகாது.

இங்கிலாந்துப் பிள்ளைகள் தங்கள் உணவுச்சாலைக் கழிவில் இதையே செய்யட்டும். மாதம் ஒருமுறை இரு பக்கமும் கணக்கைக் காட்டி, கேள்வி கேட்கட்டும். நமது பகல் இரண்டு மணி, குளிர்காலத்தில் அவர்களுக்குக் காலை எட்டரை. பாடசாலை விட்டதும் பேசி முடித்து, பிள்ளைகள் பஸ் பிடிக்கலாம்.

பெற்றோர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சாதாரண தரப் பரீட்சை எழுதும் பதினோராம் தரத்தை விட்டுவிட்டு, பத்தாம் தரத்தோடு தொடங்குங்கள்.

இதையெல்லாம் எழுதி அந்தப் பாடசாலைக்கு அனுப்புங்கள். சம்மதிக்காவிட்டாலும் உங்கள் பிள்ளைகளோடு தனியாகவே நடத்துங்கள். லாபமோ நட்டமோ, ஆண்டு முடிவில் அவர்கள் எழுதும் கணக்கறிக்கையை எனக்கு அனுப்பிவையுங்கள், இங்கேயே வெளியிடுகிறேன்.