ஆந்த்ரேயா பொட்ஸோவின் பொய்க் குவிமாடமும் மற்றக் கூரைகளும்: கேள்வி பதில்

கே: ரோமில் புனித இஞ்ஞாசியார் ஆலயத்துக் குவிமாடம் பொய்யாமே, நிஜமா அண்ணா?

ப: நிஜம்தான். குவிமாடம் கட்டத் திட்டம் இருந்தது, கட்டவில்லை. அந்த இடத்தில் 1685-இல் ஓவியர் பொட்ஸோ வரைந்த ஒரு பெரிய தட்டையான கேன்வாஸை ஏற்றினார்கள். வாசல் பக்கமிருந்து வரும்போது உள்குழிந்த குவிமாடமாகவே தெரியும், நேர் கீழே போனால் எல்லாம் சாய்ந்துவிடும்.

கே: யார் இவர், பாதிரியாரா?

ப: இல்லை. 1642-இல் திரெந்தோவில் பிறந்தவர், 1665-இல் இயேசு சபையில் சேர்ந்து கடைசிவரை குருப்பட்டம் பெறாத சகோதரராகவே இருந்தார்.

கே: அதே ஆலயத்தின் நடுக்கூடக் கூரையிலும் அவர் வரைந்திருக்கிறாரே, அது வளைவானது. அதில் நேரான தூண்களை எப்படி வரைந்தார்?

ப: எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது! வளைவில் நேர்க்கோடு போட்டால் கீழிருந்து கோணலாகத் தெரியும், அதனால் நேராகத் தெரிவதற்காகவே கோணலாக வரைய வேண்டும். முதலில் சின்னப் படத்தில் கட்டம் போட்டுக்கொள்வார், அப்புறம் வளைவு தொடங்கும் உயரத்தில் கூடத்தின் குறுக்கே அதே கட்டங்களை நூல்வலையாகக் கட்டுவார். பார்ப்பவரின் கண் இருக்க வேண்டிய இடத்தில் விளக்கு வைத்தால் வலையின் நிழல் கூரையில் விழும், அதன்மேல் கோடு போடலாம். கூரை உயரமானால் நிழல் மங்கிவிடும், அப்போது அந்தப் புள்ளியிலிருந்து நூலை இழுத்துப் பிடித்துத்தான் குறிக்க வேண்டும். இந்த வித்தையை ஒளித்து வைக்காமல் 1693-இலும் 1700-இலும் இரண்டு பாகமாகப் புத்தகம் போட்டு எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தார், அதற்காகவே அவரைக் கும்பிடலாம்.

கே: ஒரே இடத்தில் நின்றால்தான் சரியாகத் தெரியும் என்பது குறைதானே?

ப: அவர் காலத்திலேயே இப்படிக் கேட்டார்கள். ஒரு கண்புள்ளி இல்லாமல் பெர்ஸ்பெக்டிவே, அதாவது தட்டையான படத்தில் ஆழம் காட்டும் கலையே, இல்லை என்பது அவர் பதில். கோடுகள் எல்லாம் கடவுளின் மகிமை என்ற புள்ளியை நோக்கிப் போகட்டும் என்றும் எழுதினார். எனக்கும் அது குறையாகத் தெரியவில்லை. நிற்க வேண்டிய இடத்தைத் தரையில் பளிங்கு வட்டமாகப் பதித்தே வைத்திருக்கிறார்கள், அங்கே நின்றால் நிஜச் சுவர் எங்கே முடிந்து ஓவியம் எங்கே தொடங்குகிறது என்று பிடிபடாது.

கே: ரோமை விட்டு ஏன் போனார்?

ப: பேரரசர் முதலாம் லியோபோல்ட் வியன்னாவுக்கு அழைத்தார். அங்கே இயேசு சபை ஆலயத்திலும் ஒரு பொய்க் குவிமாடம் வரைந்தார். 1709-இல் அங்கேயே காலமானார்.

கே: அடுத்த மாதம் ரோம் போகிறேன், எப்படிப் பார்ப்பது?

ப: கூரை தெரியும்படி கீழே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி வைத்திருப்பார்கள், செல்ஃபிக்கு வரிசை நிற்கும், அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வட்டத்தில் நின்று நேராக மேலே பாருங்கள், அப்புறம் பார்த்துக்கொண்டே பத்து அடி நகருங்கள்.