ஒன்றரை இஞ்சு தண்ணிக்கு நாலு இஞ்சு பைப் எதுக்குங்க தம்பி

தம்பி, அடுத்த மாசம் ஜெர்மனிக்கு, எங்க ஸ்டுட்கார்ட்டுக்கு வர்றீங்க, படிப்புக்கு. வீட்டுப் போட்டோ, வீடியோ, சான்றிதழ் ஸ்கேன் எல்லாம் சேர்த்து ஒரு டெராபைட் இருக்கு, கையோட கொண்டு வரணும். டிரைவ் வாங்கினா சாதா யூ.எஸ்.பி.யா, அதைவிட வேகமான தண்டர்போல்ட் சொருகலா, இல்ல உங்க சித்தப்பா குடுத்த பழைய ஈசாட்டா (டிரைவ் மாட்டற பழைய வகை சொருகல்) பொட்டியே போதுமான்னு கேட்டிருந்தீங்க. நானும் இப்ப லீவுக்குக் கோபிச்செட்டிபாளையத்துக்குத்தான் வந்திருக்கேன், திண்ணையில உக்காந்து எழுதறேன்.

யூ.எஸ்.பி. 3 போதுமுங்க. தண்டர்போல்ட் உங்களுக்கு வேண்டாம்.

நம்மூர்ல போர் போட்டா முதல் கேள்வி என்ன? எத்தனை இஞ்சு தண்ணி? ஒன்றரை இஞ்சு வர்ற போருக்கு நாலு இஞ்சு பைப் போட்டா தோட்டம் சீக்கிரம் பாய்ஞ்சிடுமா? சுத்தற தட்டு இருக்கிற கைக்கடக்க டிரைவ், செகண்டுக்கு நூறு, நூத்தி இருபது மெகாபைட் தர்றதே பெருசு. யூ.எஸ்.பி. 3.0 பைப் செகண்டுக்கு 5 கிகாபிட், அதாவது 500 மெகாபைட்டுக்குக் கிட்ட. அதுலயே பாதிக்கு மேல காலியாக் கெடக்கும். அதுக்குப் போய் 40 கிகாபிட் தண்டர்போல்ட் 3 வாங்கறது காசைக் கரியாக்கற சோலி. நாளெல்லாம் வீடியோ எடிட் பண்றவங்களுக்குத்தான் அது. சுத்தற தட்டே இல்லாத எஸ்.எஸ்.டி. டிரைவ் வாங்க வசதி இருந்தா வாங்குங்க, கீழ விழுந்தாலும் தாங்கும். அதுக்கும் 10 கிகாபிட் யூ.எஸ்.பி. தாராளம்.

கடையில பேரைப் பார்த்து மிரளாதீங்க. 2008-ல யூ.எஸ்.பி. 3.0-ன்னு வந்ததுதான் பின்னால 3.1 ஜென் 1 ஆச்சு, அப்புறம் 3.2 ஜென் 1 ஆச்சு. ஆள் ஒருத்தர்தான். அட்டையில 5-னு இருக்கா 10-னு இருக்கான்னு மட்டும் பாருங்க.

ஈசாட்டா கதையைக் கேளுங்க. 2010-ல நான் ஜெர்மனி போன புதுசுல அதைத்தான் வாங்கினேன், பெருமையா. அப்ப லேப்டாப்புல பெரும்பாலும் யூ.எஸ்.பி. 2.0, செகண்டுக்கு 35 மெகாபைட் வந்தா அதிசயம். ஈசாட்டாவுல மூணு மடங்கு வந்துச்சு. நாலு வருசம் கழிச்சு லேப்டாப் மாத்தினேன். புதுசுல அந்த ஓட்டையே இல்லை! மூத்தவளோட மொதப் பொறந்தநாள் முழுக்க அந்தப் பொட்டிக்குள்ள. ரெண்டு நாள் தூக்கமில்லை. அப்புறம் எங்கூட்டுக்காரர் ஸ்க்ரூ டிரைவர் எடுத்துப் பிரிச்சார். உள்ள இருந்தது கம்ப்யூட்டருக்குள்ள மாட்டற சாதாரண சாட்டா டிரைவ். அதைக் கழட்டி யூ.எஸ்.பி. 3 கூடு ஒண்ணுல சொருகினதும் எல்லாம் அப்படியே வந்துச்சு. உங்க சித்தப்பா பொட்டியையும் இப்படியே பிரிச்சுப் பாருங்க. எல்லா டிரைவையும் இப்படிப் பிரிக்கலாம்னு நினைச்சுக்காதீங்க, சில சின்ன டிரைவ்ல யூ.எஸ்.பி. முனை போர்டோடயே ஒட்டியிருக்கும்.

இன்னொண்ணு, கேபிள். போன வாரம் எங்கண்ணன் மகன் கல்யாண வீடியோவைக் காப்பி போட்டான். எட்டு மணி நேரம்னு காட்டுது. டிரைவ் மேல பழி போட்டுட்டு உக்காந்திருக்கான். கேபிளை வாங்கிப் பார்த்தேன், பழைய செல்போன் சார்ஜர் வயர். அந்த டிரைவோட வாய் அகலமா, நடுவுல ஒரு பள்ளத்தோட ரெண்டு துண்டா இருக்கும். பெரிய துண்டுல போன் வயர் அச்சா உக்காந்துக்கும், வேலையும் செய்யும், ஆனா யூ.எஸ்.பி. 2 வேகத்துல. சின்னத் துண்டுலதான் 3.0-வோட அஞ்சு கம்பி இருக்கு. டிரைவோட வந்த அகலக் கேபிளைத் தேடி மாட்டினதும் ரெண்டரை மணி நேரத்துக்கு இறங்கிடுச்சு. டைப்-சி-லயும் இதே ஏமாத்து உண்டு. போனோட வர்ற சி வயர் நெறைய சார்ஜுக்குத்தான், டேட்டா 2.0 வேகத்துலதான் போகும். டிரைவோட வர்ற கேபிள்ல ஒரு துணியைக் கட்டி அடையாளம் வச்சுக்குங்க, எங்கம்மா பால்சொம்புக்குக் கட்டற மாதிரி.

பெரிய 3.5 இஞ்சு டிரைவ் வாங்காதீங்க. அதுக்குத் தனியா 12 வோல்ட் அடாப்டர் வேணும். இங்க நடுவுல கரண்ட் போனா லேப்டாப் பேட்டரியில ஓடும், டிரைவ் பாதியில செத்துடும். சின்ன டிரைவ்னா லேப்டாப்பே கரண்ட் குடுத்துக்கும். டிக் டிக்னு சத்தம் வந்து ஓடலைன்னா ஹப்பை (ஒரு யூ.எஸ்.பி. ஓட்டையைப் பலதாக்கற பொட்டி) விட்டுட்டு நேரா லேப்டாப்புல சொருகுங்க.

அங்க யாராச்சும் மேக் வச்சிருப்பாங்க. விண்டோஸுக்குன்னு என்.டி.எஃப்.எஸ். முறையில ஃபார்மட் பண்ணின டிரைவை அதுல படிக்கலாம், அப்படியே அதுக்குள்ள எதையும் எழுத முடியாது. ரெண்டுலயும் ஓடற எக்ஸ்ஃபேட் முறையில ஃபார்மட் பண்ணிக்குங்க, ஆனா காப்பி போடறதுக்கு முன்னாடி, ஃபார்மட் பண்ணினா உள்ள இருக்கறது அழிஞ்சிடும். எஜெக்ட் குடுக்காம உருவிடாதீங்க.

கிளவுடுல ஏத்திட்டு வெறுங்கையோட வரலாமேன்னு தோணும். என் வீட்டு லைன்ல மேல ஏத்தற வேகம் 10 மெகாபிட். ஒரு டெராபைட் ஏத்த ஒன்பது நாளுக்கு மேல ஓடும். கேபிளையும் மறக்காம கொண்டு வாங்க. ஜெர்மனியில ஞாயித்துக்கிழமை கடை பூட்டியிருக்கும், வந்து எறங்கின அன்னைக்கே கேபிள் வாங்கிக்கலாம்னு நம்பி வராதீங்க.

ரெண்டு காப்பி போடுங்க. ஒண்ணு உங்கம்மா பீரோவுல இருக்கட்டும். இன்னொண்ணைக் கைப்பையில வச்சுக்குங்க. பெரிய பெட்டியில எப்படியும் அவங்க கட்டிக் குடுக்கற பருப்புப் பொடிக்கே இடம் பத்தாது.